டேட்டாஷீட்டில் இருந்த எண் எங்கே போனது? ஃபில்லர் கலந்த பிளாஸ்டிக்கும் மைக்ரோ மோல்டிங்கும்

மைக்ரோ இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "சின்ன மெஷின், சின்ன மோல்டு, அவ்வளவுதான்" என்பது ஒன்று. "பிளாஸ்டிக்கில் 3 சதவீதம் கார்பன் நானோகுழாய் கலந்தால் மின்சாரம் கடத்தும்" என்பது இன்னொன்று. கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, மிக மிக நுண்ணிய குழாய். இரண்டையும் நம்பி வேலையைத் தொடங்குகிறவர்கள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். வாங்கிய பொருளின் டேட்டாஷீட்டில், அதாவது சப்ளையர் தரும் குணப் பட்டியலில், ஓர் எண் இருக்கும், அச்சிலிருந்து வெளியே வந்த பாகத்தை அளந்தால் வேறோர் எண் வரும். பொருள் தரமில்லை என்று சப்ளையர் மேல் கோபம் வருவது அதற்கு அடுத்த கட்டம்.

பெரும்பாலும் சப்ளையர் மேல் தவறு இருப்பதில்லை. ஃபில்லர் எனப்படும் திடத் துகள்கள் கலந்த பிளாஸ்டிக்கின் குணத்தில் பாதிதான் மூட்டையில் வருகிறது, மீதிப் பாதி அச்சுக்குள் உருவாகிறது. அச்சு சிறியதாக ஆக அந்த இரண்டாம் பாதியின் கை ஓங்கும். அது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சாதாரண மோல்டிங்

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கின் அடிப்படை எளிது. பிளாஸ்டிக் குருணைகள் சூடான ஓர் உருளைக்குள் போகின்றன. இதற்குப் பேரல் என்று பெயர். உள்ளே சுழலும் ஸ்க்ரூ குருணைகளை உருக்கி முன்பக்கம் சேர்க்கும். போதுமான அளவு சேர்ந்ததும் அதே ஸ்க்ரூ முன்னே நகர்ந்து, உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு எனப்படும் உலோக அச்சுக்குள் தள்ளும். மோல்டு குளிர்ச்சியானது. பிளாஸ்டிக் உறைந்ததும் மோல்டு திறந்து பாகம் வெளியே விழும். ஒரு தடவை தள்ளுகிற அளவுக்கு ஷாட் என்று பெயர்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு வயது அதிகம். ஹையட் சகோதரர்கள் 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஸ்க்ரூ கிடையாது, ஒரு பிளஞ்சர்தான், அதாவது நேராக அழுத்தும் தண்டு. ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி 1946இல் ஸ்க்ரூவைக் கொண்டுவந்தார். ஸ்க்ரூவில் உருகுவதும் கலப்பதும் சீராக நடந்ததால் பிளஞ்சர் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிளஞ்சர் திரும்பி வரப்போகிறது.

"மைக்ரோ" என்பது எது?

பாகத்தின் எடை சில மில்லிகிராம்தான் என்றால் அது மைக்ரோ மோல்டிங். பாகம் பெரிதாக இருந்தாலும் அதன் மேல் மைக்ரோமீட்டர் அளவில் வாய்க்கால்கள், ஊசிகள், பள்ளங்கள் இருந்தால் அதுவும் மைக்ரோ. அளவில் சில மைக்ரோமீட்டர்கூடப் பிசகக் கூடாது என்ற கட்டாயம் இருந்தாலும் அப்படியே அழைக்கிறார்கள். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு சாதாரண பிளாஸ்டிக் குருணையின் எடை சுமார் 20 மில்லிகிராம். காது கேட்கும் கருவியிலோ கைக்கடிகாரத்திலோ இருக்கும் பற்சக்கரத்தின் எடை அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதாவது ஒற்றைக் குருணையிலிருந்து நான்கு பாகம் செய்யலாம் என்கிற நிலை. ஆனால் அந்த ஒற்றைக் குருணையை மட்டும் உருக்குகிற ஸ்க்ரூவைச் செய்ய முடியாது. குருணை 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அது ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். பள்ளத்தைத் தோண்டிய பிறகும் நடுத்தண்டு முறுக்கைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்க்ரூவின் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கத் தயங்குகிறது.

சிரிஞ்சுக் கணக்கு

இதில் என்ன சிக்கல் என்று புரிந்துகொள்ள இரண்டு சிரிஞ்சுகளை நினைத்துக்கொண்டால் போதும். ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. ஒரே ஒரு சொட்டு மருந்து வேண்டும். தடிமனான சிரிஞ்சில் கட்டைவிரல் இம்மியளவு கூடுதலாக அழுத்தினாலும் மூன்று நான்கு சொட்டு போய்விடும். ஒல்லியானதில் அதே பிசகு பெரிதாகத் தெரியாது.

மெஷினிலும் இதே கதை. 14 மில்லிமீட்டர் ஸ்க்ரூ 1 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுமார் 154 கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வெளியே வரும். எடையில் ஏறக்குறைய 150 மில்லிகிராம். நமக்கு வேண்டிய பாகம் 5 மில்லிகிராம். அப்படியானால் ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்து, அங்கேயே கச்சிதமாக நிற்க வேண்டும். நடக்கிற காரியமா? 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளஞ்சர் அதே 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் வருவது சுமார் 20 கன மில்லிமீட்டர்தான். கட்டுப்பாடு கைக்குள் வந்துவிடுகிறது.

அதனால் மைக்ரோ மெஷின்களில் பலவும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஸ்க்ரூ உருக்கும், தனியாக இருக்கும் ஒல்லிப் பிளஞ்சர் அளந்து தள்ளும். ஓரங்கட்டப்பட்ட பிளஞ்சர் இப்படித்தான் மறுபடி உள்ளே வந்தது. "சின்ன மெஷின்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாததற்கு இதுவே முதல் காரணம்: அமைப்பே வேறு.

உறைவதற்கு முன் ஓட வேண்டும்

அடுத்தது வெப்பம். மொத்த விஷயத்திலும் முக்கியமானது என்று நான் நினைப்பது இந்தக் கணக்கைத்தான்.

பிளாஸ்டிக் குளிர ஆகும் நேரம் பாகத்தின் சுவர்த் தடிமனின் வர்க்கத்தோடு மாறும். தடிமன் பாதியானால் நேரம் கால் பங்காகும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவர் உறைய ஏறக்குறைய 7, 8 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் சுவருக்குத் தடிமன் பத்தில் ஒன்று, ஆகவே நேரம் நூறில் ஒன்று: 0.08 விநாடிக்கும் குறைவு. 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.02 விநாடி. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த நேரத்துக்குள் உருகிய பிளாஸ்டிக் அச்சின் கடைசி மூலை வரை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பாகம் அரைகுறையாக நிற்கும். இதைத்தான் ஷார்ட் ஷாட் என்கிறார்கள். ஆகவே வேகம் கூட்டித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. விநாடிக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் நகரும் பிளஞ்சர்கள் இதற்காகவே வந்தவை.

வேகத்தைக் கூட்டினால் சறுக்கு வீதம் எகிறும். சுவரை ஒட்டிய பிளாஸ்டிக் நிற்கிறது, நடுவில் இருப்பது ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் வேகம் எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதே சறுக்கு வீதம். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழியில் பிளாஸ்டிக் விநாடிக்கு 0.1 மீட்டர் ஓடினால், சுவரருகே சறுக்கு வீதம் விநாடிக்கு 150 அளவில் இருக்கும். 0.2 மில்லிமீட்டர் வழியில் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் அதுவே 30,000. கேட் எனப்படும் நுழைவாய் இன்னும் குறுகல் என்பதால் அங்கே லட்சங்களைத் தொடும்.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. உருகிய பாலிமரை வேகமாகச் சறுக்க வைத்தால் அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை, குறையும். நீளமான மூலக்கூறுகள் சிக்கலை விட்டு ஓட்டத்தின் திசையில் நீண்டுகொள்வதால் வழி கிடைக்கிறது. இது இல்லாவிட்டால் மைக்ரோ மோல்டிங்கே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அச்சு சிறியதாகும்போது அளந்து தள்ளும் அமைப்பு மாறுகிறது, உறையும் நேரம் நூறு மடங்கு சுருங்குகிறது, அதனால் வேகம் பத்து மடங்கும் சறுக்கு வீதம் இருநூறு மடங்கும் ஏறுகின்றன. இந்த ஓட்டத்துக்குள்தான் இப்போது ஃபில்லரைப் போடப் போகிறோம்.

ஃபில்லர் எதற்கு?

பிளாஸ்டிக்கோடு கலக்கும் திடத் துகள்களுக்குப் பொதுப்பெயர் ஃபில்லர். கலந்த பொருளுக்கு காம்போசிட் என்று பெயர். கண்ணாடி இழை கலந்தால் விறைப்பு கூடும், சுருக்கம் குறையும். டால்க்கும் கால்சியம் கார்பனேட்டும் மலிவான விறைப்புக்கு. உடலுக்குள் வைக்கும் குழாய்களில் பேரியம் சல்பேட் கலப்பது எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. கார்பன் பிளாக் எனப்படும் நுண்ணிய கரித்தூள், கிராஃபைட், கார்பன் நானோகுழாய் ஆகியவை மின்சாரத்தையோ வெப்பத்தையோ கடத்துவதற்கு.

எதைக் கலந்தாலும் உருகல் கெட்டியாகும். ஐன்ஸ்டைன் 1906இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதில் இருந்த பிழையை 1911இல் அவரே திருத்தினார். திருத்திய சூத்திரப்படி, குறைந்த அளவில் கலந்த உருண்டைத் துகள்களின் கன அளவு எத்தனை சதவீதமோ, பாகுநிலை அதைப்போல் இரண்டரை மடங்கு சதவீதம் ஏறும். 2 சதவீதம் கலந்தால் 5 சதவீத ஏற்றம். துகள் நீளமாக இருந்தாலும் அளவு கூடினாலும் ஏற்றம் இந்தக் கணக்கைத் தாண்டி எங்கோ போய்விடும். நானோகுழாய் கலந்த உருகல் சில சதவீதத்திலேயே, ஓடாமல் நிற்கும்போது, திடப்பொருள் போல அடம்பிடிக்கும்.

கார்பன் வகைகள் இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவருகின்றன. அவை வெப்பத்தை நன்றாகக் கடத்தும். நமக்கோ ஏற்கெனவே 0.02 விநாடிதான் இருக்கிறது. வெப்பம் வேகமாக வெளியேறினால் அதுவும் சுருங்கும். ஓட்டமும் கஷ்டம், நேரமும் குறைவு என்று இரண்டு பக்கமும் இடிபடுகிறது.

இழைக்கு இடம் போதுமா?

கண்ணாடி இழையை எடுத்துக்கொள்வோம். விட்டம் பொதுவாக 10 மைக்ரோமீட்டர் அல்லது சற்று அதிகம். மோல்டிங்குக்குப் பிறகு மிஞ்சும் நீளம் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். நம் சுவரின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். இழை சுவரின் தடிமனைவிட நீளம்! குறுக்கே நிற்க அதற்கு இடமே இல்லை, படுத்தே ஆக வேண்டும். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாகத்தில் சுவரருகே இழைகள் ஓட்டத் திசையிலும், நடுப்பகுதியில் பெரும்பாலும் அதற்குக் குறுக்காகவும் கிடக்கும். இரண்டும் கலந்திருப்பதால் குணம் ஓரளவு சமநிலைப்படுகிறது. மெல்லிய சுவரில் இந்த நடுப்பகுதி ஏறக்குறைய மறைந்துபோகிறது. அதனால் ஓட்டத் திசையில் பாகம் விறைப்பாகவும், குறுக்கே எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாகவும் வரும். சுருக்கமும் இரு திசையில் இரு விதம். வெளியே வந்த பாகம் வளைந்து நிற்பது இதனால்தான்.

இன்னும் உள்ளே போகலாம். 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு பல்லில் பக்கம் பக்கமாக ஐந்து இழைக்கு மேல் நிற்க முடியாது. நிஜத்தில் ஒன்றிரண்டு நுழையலாம், ஒன்றுகூட நுழையாமலும் போகலாம். நுழைவாயில் இழைகள் குறுக்கே மாட்டிக்கொண்டால் பிளாஸ்டிக் மட்டும் வடிகட்டிப் போகும். "30 சதவீதக் கண்ணாடி" என்று மூட்டையில் எழுதியிருந்தாலும் அந்தப் பல்லில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். அடுத்த பல்லில் கதை வேறு. சதவீதம் என்பது சராசரி. அந்தச் சராசரிக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் பாகத்தின் மிகச் சிறிய பகுதிக்குள்ளும் நிறையத் துகள்கள் இருக்க வேண்டும். மிகச் சிறிய அம்சத்தின் அளவு துகளின் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும் என்று இத்துறையில் ஒரு வழக்குக் கணக்கு இருப்பது இதற்காகவே.

அப்படியானால் 10 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே விட்டமுள்ள நானோகுழாய்க்கு இந்தத் தொல்லை இருக்காதே? தனித்தனியாகப் பிரிந்திருந்தால் இருக்காது. ஆனால் நானோகுழாய்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகக் கிடக்கும் சுபாவம் கொண்டவை. கலக்கும்போது சரியாகப் பிரியாத கட்டி பத்துக் கணக்கான மைக்ரோமீட்டர் இருக்கும். பெரிய பாகத்தில் அப்படியொரு கட்டி கண்ணுக்கே தெரியாது. 100 மைக்ரோமீட்டர் சுவரில் 50 மைக்ரோமீட்டர் கட்டி என்றால் பாகம் அங்கேயே உடையும்.

மின்பாதை எப்படி உருவாகிறது, எப்படி அறுகிறது

இனி "3 சதவீதம் கலந்தால் கடத்தும்" என்ற வாக்கியத்துக்கு வருவோம்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, கார்பன் கடத்தும். கார்பன் துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது, துகள்கள் தனித் தீவுகளாகக் கிடக்கும். ஒரு கட்டத்தில் அவை ஒன்றையொன்று தொட்டு, அல்லது சில நானோமீட்டர் இடைவெளிக்குள் நெருங்கி, பாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சங்கிலியாக இணைந்துவிடும். அந்த இடத்தில் கடத்துதிறன் சட்டென்று பல லட்சம் மடங்கு தாவும். இந்த எல்லை அளவுக்குப் பெர்கொலேஷன் வரம்பு என்று பெயர். உருண்டைத் துகள்களை ஒழுங்கில்லாமல் தூவினால் கன அளவில் சுமார் 16 சதவீதத்தில் இது வரும். நீளமான துகள்கள் தூரத்தில் இருப்பதையும் எட்டித் தொடுவதால், நானோகுழாய்க்கு ஒரு சதவீதத்துக்கும் கீழேயே வரலாம்.

"ஒழுங்கில்லாமல்" என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நீளமான துகள்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடந்தால்தான் அவை குறுக்கும் நெடுக்கும் தொட்டுக்கொள்ளும். சறுக்கு வீதம் லட்சத்தைத் தொடும் ஓட்டத்தில் அவை ஓட்டத் திசைக்கே திரும்பி, ஏறக்குறைய இணையாகப் படுத்துவிடும். இணைகோடுகள் தொட்டுக்கொள்வதில்லை. ஏற்கெனவே கோத்திருந்த வலையும் அந்த இழுப்பில் பிய்ந்துபோகும். எந்த ஓட்டம் பாகுநிலையைக் குறைத்து அச்சை நிரப்ப உதவியதோ அதேதான் இங்கே மின்பாதையை அறுக்கிறது.

தடிமனான பாகத்தில் இது நடந்தாலும் மீட்சிக்கு நேரம் உண்டு. ஓட்டம் நின்ற பிறகும் நடுப்பகுதி சில விநாடி உருகலாகவே இருக்கும். அந்த நேரத்தில் நானோகுழாய்கள் மெல்ல அசைந்து, திரும்பி, மறுபடி வலை கட்டிக்கொள்ளும். மெல்லிய சுவரில் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஓடிய கோலத்திலேயே உறைந்துபோகின்றன.

இதன் விளைவு கொஞ்சநஞ்சமில்லை. ஒரே மூட்டைப் பொருளை மெதுவாக அழுத்தித் தகடாக்கி அளந்தால் ஒரு கடத்துதிறன் வரும். வேகமாக இன்ஜெக்ட் செய்து அளந்தால் அதைவிட ஆயிரம் மடங்கு, சில நேரம் லட்சம் மடங்குகூடக் குறைந்து வரும். கலந்த அளவு வரம்புக்குச் சற்றே மேலே இருந்தால் அடி இன்னும் பலம். வரம்பே மேலே நகர்ந்துவிட்டதால் பாகம் கடத்தாப் பொருளாகவே வெளியே வரும். அதுபோக ஓட்டத் திசையில் அளந்தால் ஓர் எண், தடிமனின் ஊடாக அளந்தால் இன்னோர் எண்.

கார்பன் பிளாக் இதில் சற்று வேறு மாதிரி. அதன் துகள்கள் உருண்டையை ஒத்தவை, திரட்சியாகச் சேர்ந்து கிடப்பவை. திரும்பிப் படுக்க அவற்றுக்கு நீளம் பெரிதாக இல்லை, அதனால் ஓட்டத்தால் வரும் இழப்பு குறைவு. ஆனால் கடத்த வைக்க அதிக அளவு கலக்க வேண்டும், உருகல் கெட்டியாகும். இரண்டையும் சேர்த்துக் கலப்பது இந்த இக்கட்டுக்குப் பலர் முயன்று பார்த்த வழி: நீளமான நானோகுழாய்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியைக் கார்பன் பிளாக் நிரப்பி இணைப்புக் கொடுக்கும்.

சுருக்கிச் சொன்னால், கடத்துதிறனைத் தீர்மானிப்பது எத்தனை சதவீதம் என்பதோடு துகள்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதும்தான். கிடப்பை முடிவுசெய்வது ஓட்டத்தின் வேகமும் உறைவதற்குக் கிடைத்த நேரமும்.

அப்போ மெதுவாகத் தள்ளினால்?

நியாயமான கேள்வி. மெதுவாகத் தள்ளினால் வலை பிழைக்கும், ஆனால் அச்சு நிரம்பாது. இந்த இழுபறியிலிருந்து வெளிவர இருக்கும் முக்கிய வழி வெப்பத்தைத் தொடுவது. உருகலைச் சற்றுச் சூடாகத் தள்ளலாம், அதற்குப் பாலிமர் சிதையும் வெப்பநிலை ஒரு கூரை. மைக்ரோவில் அந்தக் கூரை இன்னும் தாழ்வு. பேரலில் 10 கிராம் பொருள் இருந்து, ஒரு ஷாட்டுக்கு 0.1 கிராம் போகிறது, ஒரு சுற்றுக்கு 10 விநாடி என்றால், ஒரு குருணை வெளியேறுவதற்குள் 1,000 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல், சூட்டில் வேகும். சில பாலிமர்கள் அதைத் தாங்காது.

மற்றது மோல்டையே சூடாக்குவது. நிரப்பும்போது மோல்டைப் பாலிமர் உறையும் வெப்பநிலைக்கு அருகிலோ மேலேயோ வைத்திருந்து, நிரம்பிய பிறகு குளிர்விக்கிறார்கள். வேரியோதெர்ம் என்பது இதன் பெயர். அச்சு மெதுவாகவும் நிரம்பும், நானோகுழாய்களுக்குத் திரும்பிச் சேர அவகாசமும் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தைச் சூடாக்கிக் குளிர்விப்பதால் சுற்று நேரம் நீளும். காசுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. நுண்ணிய பள்ளத்தில் சிக்கிய காற்றுக்கு வெளியேற இடமிருக்காது. திடீரென்று அமுக்கப்பட்டால் அது சூடாகி பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். அதனால் நிரப்புவதற்கு முன் அச்சிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது வழக்கம். கண்ணாடி இழையும் பீங்கான் துகளும் அச்சைத் தேய்க்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சில மைக்ரோமீட்டர் தேய்மானமே மைக்ரோ அச்சைக் குப்பைக்கு அனுப்பிவிடும் என்பதுதான் வித்தியாசம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று

பவுடர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் துகள் கலந்த பிளாஸ்டிக்தான் அச்சுக்குள் போகிறது, ஆனால் அங்கே கன அளவில் பாதிக்கு மேல் உலோகமோ பீங்கானோ இருக்கும். வடிவம் வந்ததும் பிளாஸ்டிக்கை நீக்கிவிட்டு உலையில் சுடுவார்கள். பாகம் நீளவாக்கில் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கி முழு உலோகமாகவோ பீங்கானாகவோ வரும். அங்கே பிளாஸ்டிக் தற்காலிக வாகனம். நாம் பேசும் காம்போசிட்டில் அது கடைசி வரை இருக்கிறது.

எண்ணை எங்கே அளந்தார்கள்?

இப்போது டேட்டாஷீட்டைத் திரும்பப் புரட்டலாம். அதில் உள்ள விறைப்பும் வலிமையும் பொதுவாக 10 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஐஎஸ்ஓ சோதனைப் பட்டையில் அளந்தவை. கடத்துதிறன் பல நேரம் அழுத்தித் தயாரித்த தகட்டில் அளந்தது. இரண்டுமே உண்மையான எண்கள்தான், அந்தப் பட்டைக்கும் அந்தத் தகட்டுக்கும். 0.1 மில்லிமீட்டர் சுவர் அவற்றைவிட நாற்பது மடங்கு மெல்லியது, ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக உறைந்தது, உள்ளே துகள்கள் வேறு கோலத்தில் கிடப்பது.

ஆகவே புதிதாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது சப்ளையரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடலாம்: இந்த எண்ணை அளந்த மாதிரியின் தடிமன் என்ன, அதை எந்த முறையில் செய்தார்கள், எந்தத் திசையில் அளந்தார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், சொந்த மோல்டில் வேகத்தையும் மோல்டு வெப்பநிலையையும் மாற்றி மாற்றிச் சில ஷாட்டுகள் எடுத்து, பாகத்தையே நேரடியாக அளந்துவிடுவது நல்லது. கேட்டுக்கு அருகில் ஒரு தடவை, ஓட்டம் முடியும் கோடியில் ஒரு தடவை. ஒரே பாகத்தில் அந்த இரண்டு இடங்களுக்கும் எண் ஒன்றாக வருவது அபூர்வம்.